வெற்று விழுங்கல்

ஒரு வாய் சோறு நாக்கிலிருந்து வயிற்றுக்கு இறங்க முப்பது தசைகளாவது சேர்ந்து வேலை செய்ய வேண்டும். மூச்சுக்குழல் மூடிக்கொள்ள வேண்டும், உணவுக்குழல் திறக்க வேண்டும், எல்லாம் ஒரு நொடிக்குள். நமக்கு இது தானாக நடந்துவிடுவதால் யாரும் தொண்டைக்கு நன்றி சொல்வதில்லை. நாலு வயது அதிராவுக்கு அந்த முப்பதும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போனதன் விளைவு. அந்த நோய்க்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. டாக்டர்களே அதைப் பாதிவரை சொல்லிவிட்டு மீதியைக் கையால் காட்டுவார்கள். நாடு முழுக்கத் தேடினாலும் இப்படி அறுபது குழந்தைகள் தேறாது.

மங்கையர்க்கரசி அந்தப் பெயரை முழுசாகச் சொல்லக் கூடியவள். கோயம்புத்தூரில் ஒரு குழந்தைகள் உணவூட்டல் மையத்தின் தலைமைச் சிகிச்சையாளர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். "என் கைக்கு வந்த குழந்தை சாப்பிடாமப் போனதில்ல" என்பாள். அது வெறும் பீற்றல் இல்லை, பெரும்பாலும் உண்மைதான். வாயை இறுக்கி மூடிக்கொள்ளும் பிள்ளைகள்கூட அவள் குரலுக்குத் திறந்துவிடும். "இன்னும் ஒரே ஒரு வாய் கண்ணு, இதோட முடிஞ்சுது" என்பாள். அந்த ஒரே ஒரு வாய்க்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வாய் பாக்கி இருக்கும். பந்தியில் இலையை மூடுகிறவரிடம் இன்னும் கொஞ்சம் ரசம் என்று கேட்டுப் பழகிய ஊர். இதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை.

அவளுடைய கெட்டிக்காரத்தனமும் எட்டாத பிள்ளைகளுக்காகத்தான் இரண்டு வருடம் முன்னால் துணைத்தொண்டை வந்தது. இரண்டு மெல்லிய பட்டைகள். ஒன்று குழந்தையின் கழுத்தில், மற்றொன்று நன்றாக விழுங்கத் தெரிந்த ஒருவர் கழுத்தில். அவருக்குத் 'துணை' என்று பெயர். துணை விழுங்கினால் அந்த நரம்புத் தாளம் அப்படியே குழந்தையின் தொண்டைக்குப் போய், அதுவும் விழுங்கும். அப்போது குழந்தையின் பட்டையில் ஒரு பச்சை விளக்கு மின்னும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மாட்டிக்கொண்டால் போதும். பெரும்பாலும் தாய்மார்கள்தான் துணை. பிள்ளைக்கு ஊட்டும்போது தாங்களும் வாயைத் திறந்து, தாங்களும் முழுங்கிக் காட்டுவது அவர்களுக்கு ஏற்கெனவே கைவந்த வேலை.

அதிராவுக்குத் துணை அவள் அம்மா செவ்வந்தி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவள். எட்டு மாதக் குழந்தையிலிருந்து வயிற்றில் குழாய் வழியாகவே சாப்பிட்ட மகள் முதல் ஸ்பூன் ராகிக் கூழை விழுங்கியபோது, அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "ருசி தெரிஞ்சிருக்குமுங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். ஆறு மாதத்தில் குழாயை எடுத்துவிட்டார்கள். மங்கை எல்லாக் கருத்தரங்குகளிலும் அந்த முதல் ஸ்பூனின் வீடியோவைப் போட்டுக் காட்டினாள்.

இப்போது அந்தச் செவ்வந்தியை மாற்ற வேண்டும் என்று ரியாஸ் வந்து நிற்கிறான்.

ரியாஸ் துணைத்தொண்டை கம்பெனியின் பொறியாளர். நல்ல பையன்தான், ஆனால் பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன் திரையைப் பார்ப்பவன். திங்கட்கிழமை காலை மங்கையின் மேசையில் டேப்லெட்டை வைத்து, சிவப்புப் புள்ளிகள் நெருங்கியிருந்த ஓரிடத்தைக் காட்டினான்.

"வெற்று விழுங்கல் மேடம். அம்மா சும்மா எச்சிலை முழுங்கறாங்க. அந்த நேரம் பாப்பா வாயில கூழ் பாதியில நிக்குது. அம்மா முழுங்கினா பாப்பா தொண்டையும் முழுங்கித்தானே ஆகணும். தயாராகாமலே இழுக்குது, பாதி மூச்சுக்குழலுக்குப் போகுது. இந்த ரெண்டு மாசத்துல ரெண்டு தடவை சளிக்காய்ச்சல். மூணாவது தடவை வந்தா நுரையீரல் தாங்காது."

"எச்சில் முழுங்காத மனுஷன் உண்டா?"

"ஒரு வேளைக்கு ஒண்ணு ரெண்டுன்னா விட்டுடலாம். இவங்க பத்து, பதினொண்ணு. அதுவும் ஆரம்பத்துல சுத்தமா இல்ல. இருபத்தஞ்சாவது ஸ்பூனுக்கு மேலதான் ஆரம்பிக்குது." அவன் ஒரு படிவத்தை நகர்த்தினான். "வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க கையெழுத்துப் போட்டா கம்பெனித் துணைக்கு மாத்திடலாம்."

கம்பெனித் துணை என்றால் வேறோர் ஊரில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆட்கள். ஓர் ஆள் விழுங்கினால் பன்னிரண்டு வீடுகளில் பன்னிரண்டு குழந்தைகள் ஒரே நொடியில் விழுங்கும். வேலை நேரத்தில் அவர்கள் பேசக் கூடாது, ஏனென்றால் பேசும் தொண்டையால் விழுங்க முடியாது. ஒரு தப்பு வராது, ஓர் இருமல் வராது. மங்கை ஒருமுறை அந்த அறையைப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு மத்தியானம் அவளுக்கே சாப்பாடு இறங்கவில்லை.

"சாப்பாடு இல்லாம ஒரு மனுஷி எதுக்கு முழுங்குவா, தெரியுமா ரியாஸ்?" என்றாள் மங்கை. "பயந்தா. அழுகைய அடக்கினா. சொல்ல வந்ததச் சொல்லாம மென்னு முழுங்கினா. இது தொண்டைப் பிரச்சினை இல்ல, வீட்டுப் பிரச்சினை. புருஷன்காரன் பக்கத்துல உக்காந்து கத்தறான்னு நினைக்கறேன். ரெண்டு நாள்ல நான் சரி பண்றேன்."

மங்கைக்கு எதையும் இரண்டு நாளில் சரி பண்ணிவிடலாம் என்ற நம்பிக்கை பிறவியிலேயே உண்டு.

புதன்கிழமை செவ்வந்தியையும் அவள் புருஷன் தங்கமுத்துவையும் வரச் சொன்னாள். செவ்வந்தியையும் அதிராவையும் விளையாட்டு அறையில் விட்டுவிட்டு, தங்கமுத்துவை மட்டும் தன் அறைக்கு அழைத்தாள். சாயப்பட்டறைக்கு வேன் ஓட்டும் ஆள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"சாயந்திரம் ஏழு மணிக்கு அதிராவுக்குச் சாப்பாடு. அப்ப வீட்டுல இருப்பீங்களா?"

"நான்தானுங்க ஸ்பூன்ல எடுத்துக் குடுப்பேன். அவ பட்டையப் போட்டுட்டு எதிர்ல உக்காந்துக்குவா."

"அப்ப நீங்க என்ன பேசுவீங்க?"

"ஒண்ணும் பேசமாட்டனுங்க."

"தங்கமுத்து, நான் போலீஸ் இல்ல. கோபம் வந்தா வந்ததுன்னு சொல்லலாம். செவ்வந்தி ஏதோ ஒண்ணைத் தினமும் அடக்கி அடக்கி முழுங்கறா. கருவியில பதிவாகியிருக்கு. அந்த நேரத்துல அவகிட்ட யாரு பேசறது?"

தங்கமுத்து நிஜமாகவே யோசித்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"எங்க ஊட்ல சாப்பாட்டு நேரத்துல நாங்க ரெண்டு பேரும் வாயே தொறக்கறதில்லீங்க மேடம். நீங்கதானுங்களே பேசுவீங்க."

மங்கைக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கருவியோடு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் டேப்லெட்டில் அவள் குரல்தான் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பதிவு செய்தாள். 'ஆ காட்டு கண்ணு.' 'சபாஷ்.' 'இன்னும் ஒரே ஒரு வாய், இதோட முடிஞ்சுது.' நாற்பது ஸ்பூன் ஆகும்வரை அது நிற்காது, நிறுத்தும் பொத்தானும் கிடையாது. நிறுத்த வசதி வைத்தால் பெற்றோர் இளகிப்போய் நிறுத்திவிடுவார்கள் என்று வைக்க வேண்டாமென்றவளும் அவளேதான்.

தங்கமுத்துவை அனுப்பிவிட்டு, போன மாதம் மையத்தில் நடந்த ஊட்டல் வகுப்பின் வீடியோவைப் போட்டாள். பக்கத்தில் ரியாஸின் சிவப்புப் புள்ளிகள். திரையில் மங்கை சிரிக்கிறாள், ஊட்டுகிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள். எதிரில் செவ்வந்தி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இருபத்தேழாவது ஸ்பூனில் செவ்வந்தியின் உதடு லேசாகப் பிரிகிறது. "இன்னும் ஒரே ஒரு வாய்" என்கிறது மங்கையின் குரல். உதடு மூடிக்கொள்கிறது, தொண்டை ஏறி இறங்குகிறது. ஒரு சிவப்புப் புள்ளி. அடுத்த ஸ்பூனிலும் அப்படியே. மங்கை எண்ணினாள். பதினொரு தடவை செவ்வந்தி எதையோ சொல்ல வந்திருக்கிறாள். பதினொரு தடவையும் மங்கைதான் குறுக்கே பேசியிருக்கிறாள்.

அவளுக்கு முகம் சுட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஓர் அவமானத்தை அவள் பட்டதில்லை, அதைப் பார்க்க அறையில் வேறு ஆளும் இல்லை.

விளையாட்டு அறையில் செவ்வந்தி அதிராவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மங்கையைக் கண்டதும் எழுந்தாள். மங்கை கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"போன மாசம் நான் ஊட்டிட்டிருந்தப்ப நீ என்னமோ சொல்ல வந்தே. என்ன அது?"

"ஒண்ணுமில்லீங்க மேடம்."

"பதினோரு தடவை வந்தே. ஒண்ணுமில்லாததுக்கா அத்தனை தடவை?"

செவ்வந்தி சீப்பிலிருந்த முடியைச் சுற்றிச் சுற்றி எடுத்தாள்.

"போதும்னு சொல்லலாம்னுதானுங்க. அதிரா போதும்னா நாக்கால லேசா வெளிய தள்ளுவா. அவளுக்குப் பேச்சு இல்லையல்லங்க, அதுதான் அவ சொல்றது. அதைப் பாத்ததும் நான் சொல்ல வாயெடுப்பேன். நீங்க இன்னும் ஒரு வாய்ம்பீங்க. பெரியவங்க, படிச்சவங்க, எம்பொண்ணுக்கு உசுரு குடுத்தவங்க. உங்க பேச்சுக்கு நடுவுல நான் எப்படீங்க பேசறது? முழுங்கிக்குவேன். நான் முழுங்கினா அவளும் முழுங்கீருவா. அவ வேண்டாம்னு தள்ளுனதை என்ற தொண்டை உள்ள இழுத்துருது."

மங்கை அதிராவின் வாயைப் பார்த்தாள்.

"அந்தக் கம்பெனி ஆளுக்கு மாத்தப் போறதா ரியாஸ் சார் சொன்னாருங்க," என்றாள் செவ்வந்தி. "அவுரு தப்பா முழுங்க மாட்டாருன்னாங்க. இருக்கட்டுமுங்க. எம்பொண்ணு நாக்கைத் தள்ளுறது அவருக்கு அங்கிருந்து தெரியுமுங்களா?"

"தெரியாது."

"அப்ப அவ யாருகிட்டச் சொல்லுவாங்க?"

அன்று மத்தியானமே மங்கை ராகிக் கூழ் வரவழைத்தாள். ரியாஸையும் கூப்பிட்டாள். செவ்வந்தி கழுத்தில் பட்டை, அதிரா கழுத்தில் பட்டை, ஸ்பூன் மங்கை கையில். இருபத்து மூன்று ஸ்பூன் வரை ஒரு சிக்கலும் இல்லை. இருபத்து நாலில் அதிராவின் நாக்கு நுனி எட்டிப் பார்த்தது.

"செவ்வந்தி, நான் இப்ப அதைத்தான் சொல்லப் போறேன். நீ முழுங்காதே. மனசுல வர்றத வாயால சொல்லு. எனக்குக் கேக்கற மாதிரி." பிறகு தன் பிரசித்திபெற்ற குரலில் சொன்னாள். "இன்னும் ஒரே ஒரு வாய் கண்ணு."

செவ்வந்தியின் கழுத்து நரம்பு புடைத்தது. தொண்டை பாதி ஏறிவிட்டது. ரியாஸ் திரையையே பார்த்தான்.

"போதுங்க," என்றாள் செவ்வந்தி. குரல் கீச்சென்று வந்தது. செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள். "போதும் மேடம். அவளுக்குப் போதும்."

பச்சை விளக்கு மின்னவில்லை. தன் தொண்டையை யாரும் இழுக்காததில் அதிரா ஒரு கணம் திகைத்தாள். பிறகு கூழைச் சாவகாசமாக வெளியே தள்ளினாள். அது மங்கையின் வெள்ளைக் கோட்டுக் கையில் வழிந்தது. அதிரா அதைப் பார்த்தாள், மங்கையின் முகத்தைப் பார்த்தாள், சத்தமில்லாமல் சிரித்தாள்.

மங்கைக்கு வலிக்கத்தான் செய்தது. ஒரு குழந்தை தன் கையால் ஊட்டியதைத் துப்பிவிட்டுச் சிரிக்கிறது, அதுவும் வெளியாள் முன்னால். ஆனாலும் அந்தச் சிரிப்பை அவள் இத்தனை நாளில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது உறைத்தபோது, வலித்தது பரவாயில்லை என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை அவள் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. தன் குரல் பதிவை எல்லா டேப்லெட்டிலிருந்தும் அழிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். நாற்பது என்ற எண்ணையும் எடுக்கச் சொன்னாள். ரியாஸ் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"எடை குறைஞ்சா?"

"ஆறு வாரம் குடு. பதினோரு கிலோவுக்குக் கீழ போனா நானே போடறேன் கையெழுத்து."

"பாப்பா உயிரு மேடம்."

"அது எனக்கும் தெரியும் ரியாஸ். எனக்கு அது தெரியாதுன்னு நினைச்சுக்காதே."

முதல் இரண்டு வாரத்தில் எடை முந்நூறு கிராம் இறங்கியது. பதினொன்றுக்கு மேல் இருநூறு கிராம்தான் பாக்கி. மங்கை தினமும் காலையில் போன் செய்து எடை கேட்டாள், கேட்டுவிட்டு வேறு ஒன்றும் சொல்லாமல் வைத்தாள். அறிவுரை சொல்லாமல் போனை வைப்பது அவளுக்குப் பத்தியம் இருக்கிற மாதிரி இருந்தது. ஆனால் இருமல் நின்றது. சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. செவ்வந்தி சொல்ல வந்ததை முழுங்குவதை நிறுத்திவிட்டாள், பேச ஆரம்பித்துவிட்டாள்.

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று தங்கமுத்துவிடம்தான் கேட்க வேண்டும். கூழ் ஆறிப்போச்சு, ஸ்பூன் பெரிசு, வேன் ஓட்டற மாதிரியா ஊட்டறது, ஏனுங்க, அவ கேக்கறப்பக் குடுத்தாப் போதும். கேட்கிறபோது கொடுத்ததில் அதிரா ஒரு நாளைக்கு ஆறு தடவை கேட்டாள். ஒரு தடவைக்குப் பதினைந்து ஸ்பூன்தான், ஆனால் ஆறு தடவை. எடை இறங்குவது நின்று, மெல்ல ஏறத் தொடங்கியது.

ஆறாவது வாரம் எல்லோரும் மையத்தில் கூடினார்கள். அதிரா பதினொரு கிலோ நானூறு. ரியாஸ் திரையைக் காட்டிப் பேசினான். எடை சரிதான், புள்ளிகளும் இல்லை, ஆனால் ஒரு நாளைக்கு ஆறு வேளை அம்மா துணையாக உட்காருவது நடைமுறைக்கு ஒத்துவராது, அதனால் பகல் மூன்று வேளைக்காவது கம்பெனித் துணையைச் சேர்க்கலாம் என்றான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அதிரா கூழ்க் கிண்ணத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். பசி என்று அர்த்தம். தங்கமுத்து இரண்டு பட்டைகளையும் மாட்டிவிட்டு ஸ்பூனை எடுத்தான். முதல் நாலு ஸ்பூனுக்குச் செவ்வந்தி ஒழுங்காக முழுங்கிக் கொடுத்தாள், நாலு தடவையும் பச்சை விளக்கு மின்னியது. அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை, ரியாஸ் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஏனுங் சார், நடைமுறைக்கு ஒத்துவராதுன்னு யாருக்குச் சொல்றீங்? நானு கம்பெனியில பேசி ஷிப்ட மாத்திக்கிட்டேன், அவுரு காலையில வேனை லேட்டா எடுக்கறாரு. ஒத்துவர வேண்டியது நாங்கதானுங்களே, நீங்க இல்லையல்ல. அந்த மூணாம் மாடி ஆளுக்குப் பன்னெண்டு பிள்ளைங்க, பன்னெண்டுல எது பசிக்குதுங்குது, எது போதுங்குதுன்னு ஒண்ணாச்சும் அவருக்குத் தெரியுமுங்களா..."

அவள் மூச்சு விடாமல் பேசினாள். தங்கமுத்து மனைவியை ஆச்சரியமாகப் பார்த்தபடியே, பழக்க தோஷத்தில் அடுத்த ஸ்பூனை மகள் வாயில் வைத்துவிட்டான். மங்கைதான் அதைக் கவனித்தாள். செவ்வந்தி பேசிக்கொண்டிருக்கிறாள். பேசுகிறவளால் முழுங்க முடியாது. நாக்கில் உட்கார்ந்திருக்கும் கூழை எடுத்துப்போக இப்போது யாரும் இல்லை. மங்கை துடைக்கும் துணியோடு பாதி எழுந்தாள்.

அதிரா அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை இறுக்கி மூடினாள். சின்னத் தாடை முன்னால் வந்தது. தொண்டை, அவசரமே இல்லாமல், ஒரு தடவை ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை. வாயைத் திறந்து காட்டினாள், காலியாக இருந்தது. பட்டையில் விளக்கு மின்னவே இல்லை.

மங்கை துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். தான் பார்த்தது நிஜம்தானா என்று இன்னொரு தடவை பார்த்தாக வேண்டும். தங்கமுத்துவிடம் கண்ணைக் காட்டினாள். அவன் அடுத்த ஸ்பூனை அள்ளினான்.

மேடம் முகம் மாறிப்போனதைக் கண்டு செவ்வந்தி பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். "ரொம்ப எச்சாப் பேசிட்டனுங்களா மேடம்?"

"இல்லம்மா," என்றாள் மங்கை. அவள் கண் அதிராவின் கழுத்தை விட்டு நகரவில்லை. "நீ பேசு. நிறுத்தாமப் பேசு."